அலிகாரும் தியோபந்தும்

ஒரு சமயத்தாரின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அவர்களுள் மிதவாதிகள் யாவர், பழமைவாதிகள் யாவர் என்று முதலில் இரண்டு பட்டியல் வகுத்துக்கொள்வதுண்டு. பட்டியல் வகுத்துவிட்டால் பிறகு வேலை எளிது. அறிவு, முன்னேற்றம், சமரசம் என்பன எல்லாம் முதற் பட்டியலில் சேரும். தேக்கம், பிடிவாதம், பகை என்பன எல்லாம் இரண்டாவதில் சேரும். இஸ்லாமியருக்குள் நிகழ்ந்த கருத்துப் போராட்டங்களைப் பற்றி எழுதுவோர் பலர் இம்முறையையே கையாளுகின்றனர். இம்முறை எவ்வளவு தூரம் உண்மைக்குப் பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

டில்லிக்கு வடக்கே சகாரன்பூர் மாவட்டத்தில் தியோபந்து என்னும் சிற்றூர் உள்ளது. டில்லிக்குத் தென்கிழக்கே அலிகார் நகரம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பத்து ஆண்டு இடைவெளிக்குள், இவ்விரண்டு ஊர்களிலும் இரண்டு கல்விச்சாலைகள் தோன்றின. ஒன்று பழைய சமயக் கல்வியைப் பேணுவதற்காக எழுந்தது. மற்றொன்று மேல்நாட்டுப் புதுக் கல்வியைப் பரப்புவதற்காக எழுந்தது. இந்திய முஸ்லிம்களின் சிந்தனை, அரசியல், வாழ்க்கை முறை ஆகிய மூன்றிலும் இவ்விரண்டின் முத்திரையும் இன்றுவரை அழியாமல் இருக்கின்றது.

இரண்டும் பிறந்தது ஒரே துன்பத்திலிருந்துதான். 1857ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே அவர்கள் டில்லியை அடைந்து, முதியவரான பகதூர் ஷாவைத் தங்கள் தலைவராகக் கொண்டனர். செப்டம்பர் மாதத்தில் ஆங்கிலப் படைகள் டில்லியை மீண்டும் கைப்பற்றின. அதன்பின் அந்நகரம் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. குடிகள் துரத்தப்பட்டனர். ஜும்மா மசூதி அரசாங்கத்தாரின் கைக்குள் போயிற்று. 1862இல்தான் அது தொழுகைக்குத் திரும்பக் கிடைத்தது. பகதூர் ஷா விசாரிக்கப்பட்டு இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1862இல் காலமானார். கிளர்ச்சியில் எல்லாச் சமயத்தாரும் கலந்துகொண்டிருந்தும், ஆங்கிலேயரின் சினம் முஸ்லிம்கள்மீது மிகுதியாகப் பாய்ந்தது. பாரசீக மொழி நீதிமன்றங்களில் தன் இடத்தை 1837ஆம் ஆண்டிலேயே இழந்திருந்தது. இப்போது பெயரளவிலிருந்த முகலாய அரசும் மறைந்தது.

அரசு போயிற்று, செல்வாக்கும் போயிற்று. இனி எதைக் கொண்டு இச்சமுதாயம் வாழும் என்னும் கேள்வி கற்றோர் உள்ளத்தை வாட்டியது. அக்கேள்விக்கு இரண்டு விடைகள் பிறந்தன. உலகியலில் இழந்த இடத்தைப் புதுக் கல்வியால் மீட்க வேண்டும் என்பது ஒரு விடை. உலகியலில் எது போனாலும் போகட்டும், சமய அறிவு என்னும் உயிர் போகாமல் காக்க வேண்டும் என்பது மற்றொரு விடை. முதல் விடையைச் சொன்னவர் சர் சையது அகமது கான். இரண்டாவது விடையைச் சொன்னவர்கள் மௌலானா முகம்மது காசிம் நானௌத்தவியும் மௌலானா ரஷீத் அகமது கங்கோஹியும் ஆவர்.

சையது அகமது கான் 1817இல் டில்லியில் முகலாய அரண்மனையோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே கம்பெனியாரின் நீதி இலாகாவில் அலுவல் ஏற்றார். டில்லியின் பழங் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1847இல் வெளிவந்தது. 1857இல் அவர் பிஜ்னோரில் அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலக் குடும்பத்தாரின் உயிரைக் காப்பாற்றினார். ஆயினும் அவர் ஆங்கிலேயருக்கு முகமன் மட்டும் கூறுபவராக இருக்கவில்லை. கிளர்ச்சியின் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதி, சட்டம் இயற்றும் சபையில் இந்தியருக்கு இடம் இல்லாமையால் ஆட்சியாளர் மக்கள் மனத்தை அறிய இயலாமற் போயிற்று என்பதை அஞ்சாமல் எடுத்துரைத்தார். 1864இல் காசிப்பூரில் ஓர் அறிவியற் கழகத்தை நிறுவி, மேல்நாட்டு நூல்களை உருது மொழியில் பெயர்க்கச் செய்தார். 1869இல் இங்கிலாந்து சென்று, அங்குள்ள கல்விச்சாலைகளை நேரிற் கண்டு திரும்பினார். 1870இல் ஒழுக்கச் சீர்திருத்தம் பற்றிய ‘தஹ்ஸீபுல் அக்லாக்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1875ஆம் ஆண்டு மே மாதத்தில் அலிகாரில் பள்ளி தொடங்கியது. 1877ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வைசிராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்.

முகம்மது காசிம் நானௌத்தவி 1833இல் பிறந்தவர். ரஷீத் அகமது கங்கோஹி 1829இல் பிறந்தவர். இருவரும் டில்லியில் மௌலானா மம்லூக் அலியிடம் பயின்றவர்கள். அந்த ஆசிரியர் ஆங்கிலேயர் ஆதரவில் நடந்த டில்லி கல்லூரியில் அரபு மொழி கற்பித்தவர் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது. 1857இல் ஷாம்லி என்னுமிடத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர்களுள் இவ்விருவரும் இருந்தனர் என்று தியோபந்து மரபினர் போற்றிச் சொல்வர். 1866ஆம் ஆண்டு மே மாதத்தில் தியோபந்தில் ஒரு பழைய பள்ளிவாசலின் முற்றத்தில், மாதுளை மரத்தடியில், கல்விச்சாலை தொடங்கியது. ஆசிரியர் ஒருவர், அவர் பெயர் முல்லா மஹ்மூத். முதல் மாணவரின் பெயரும் மஹ்மூத். அந்த மாணவரே பிற்காலத்தில் ‘ஷைகுல் ஹிந்து’ எனப் புகழ்பெற்ற மௌலானா மஹ்மூத் ஹசன் ஆவார்.

இவ்விரண்டு தோற்றங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு அடிக்கல் நாட்ட வைசிராயே வருகிறார். மற்றொன்றுக்குக் கூரையாக மாதுளை மரம் நிற்கிறது. ஒன்று அரசின் நல்லெண்ணத்தை நாடுகிறது. மற்றொன்று அரசின் உதவியையும் பெருஞ்செல்வரின் நிலையான உதவியையும் வேண்டாம் என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. ஏழை எளியவர் மனமுவந்து தரும் சிறு தொகைகளே தியோபந்தின் முதலாயின. இதனால் அது எவருக்கும் தலைவணங்க வேண்டிய தேவையின்றி வளர்ந்தது.

இங்கே ஒரு வியப்பு நம் கண்ணிற்படுகின்றது. பழமையைக் காக்க எழுந்த தியோபந்து, தன் அமைப்பு முறையைப் பழமையிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. முற்காலத்தில் மாணவன் ஓர் ஆசிரியரைத் தேடிச் சென்று, அவர் வீட்டிலோ பள்ளிவாசலிலோ அமர்ந்து, ஒரு நூலை முடித்துவிட்டு அடுத்த ஆசிரியரை நாடுவான். தியோபந்திலோ வரையறுத்த பாடத்திட்டம், வகுப்புப் பிரிவு, ஆண்டுத் தேர்வு, ஊதியம் பெறும் ஆசிரியர் குழு, அச்சிட்ட ஆண்டறிக்கை ஆகிய யாவும் இருந்தன. நன்கொடைகள் அஞ்சல் வழியே வந்தன. கொடுத்தவர் பெயர் அறிக்கையில் அச்சேறியது. இவை அனைத்தும் ஆங்கிலேயர் நடத்திய கல்விச்சாலைகளில் கண்ட முறைகள். பயிற்றுமொழியாக உருது விளங்கியது. தொலைவிலிருந்து வந்தவர்கள் பொது மொழி ஒன்றைப் பெற்று ஊர் திரும்பினர். கற்பித்த பொருள் பழையது. கற்பித்த முறை புதியது.

புதுக் கல்வியைப் பற்றி நானௌத்தவி கொண்ட கருத்தும் பலர் நினைப்பது போன்றதன்று. புது அறிவியலைக் கற்பிக்க அரசாங்கப் பள்ளிகள் பல உள்ளன; பழைய கல்விக்கோ ஆதரவில்லை; ஆகவே எங்கள் முயற்சியை ஆதரவற்ற பக்கத்திற்குச் செலுத்துகிறோம் என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். இங்கே கற்று முடித்தவர் பின்னர் அரசாங்கப் பள்ளியிற் சேர்ந்து புதுக் கல்வியும் பெறலாம் என்றும் அவர் கருதினார். சமயத்துக்குக் கேடு வராத வரையில் ஆங்கிலம் கற்பது தடுக்கப்பட்டதன்று என்று கங்கோஹியும் தீர்ப்புரைத்தார்.

அவ்வாறாயின் இரு சாராருக்கும் பிணக்கு எங்கே எழுந்தது? வேதத்துக்குப் பொருள் காணும் முறையிலேயே எழுந்தது. இறைவனின் சொல் வேதம்; இறைவனின் செயல் இயற்கை; சொல்லும் செயலும் முரண்படா; முரண்படுவதுபோல் தோன்றினால் நாம் சொல்லுக்குக் கண்ட பொருளே தவறு என்று சையது அகமது கான் வாதித்தார். இவ்வடிப்படையில் வானவர், ஜின்கள், அற்புதங்கள் ஆகியவற்றுக்கு இயற்கையோடு ஒட்டிய விளக்கம் கூறினார். உலமாக்கள் திடுக்கிட்டனர். இயற்கையை வழிபடுபவர் என்னும் பொருளில் ‘நேச்சரி’ என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. அவர் இஸ்லாத்தை விட்டு நீங்கியவர் என்று பத்வாக்கள், அதாவது மார்க்கத் தீர்ப்புகள், எழுந்தன. மெக்காவிலிருந்தும் அத்தகைய தீர்ப்பைப் பெற்றுவந்தனர். மேல்நாட்டார் ஆதிக்கத்தை எதிர்த்துத் தேசந்தேசமாகத் திரிந்த ஜமாலுத்தீன் ஆப்கானியும் அவரைக் கடுமையாகச் சாடினார்.

இத்தனை எதிர்ப்புக்கிடையிலும் சையது அகமது கான் ஒரு விவேகமான செயல் செய்தார். தம் சமயக் கருத்துக்களைக் கல்லூரியிற் புகுத்தவில்லை. கல்லூரியின் சமயப் பாடத்தை மரபு வழி நின்ற அறிஞர்களிடமே ஒப்படைத்தார். பின்னாளில் அந்தப் பிரிவுக்குத் தலைவராக அமர்ந்த மௌலானா அப்துல்லா அன்சாரி, தியோபந்தில் பயின்றவர், நானௌத்தவியின் மருமகன். கருத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு கல்விச்சாலைகளுக்கிடையே இவ்வாறு ஒரு வாயில் திறந்தே இருந்தது.

தலைவர்களின் பண்பாடும் கருதத்தக்கது. சையது அகமது கானின் கொள்கைகளுக்கு நானௌத்தவி மடல் வடிவில் மறுப்பு எழுதினார். மறுப்பிலே வசை இல்லை, வாதமே இருந்தது. 1880இல் நானௌத்தவி காலமானபோது, அலிகாரிலிருந்து வெளிவந்த தம் இதழில் சையது அகமது கான் உள்ளம் உருக இரங்கலுரை எழுதினார். அவருடைய கல்வியையும், எளிமையையும், எந்தப் பகையும் தந்நலத்தால் எழாத தூய்மையையும் புகழ்ந்தார். அவருடைய நினைவுக்குச் செய்யத்தக்க சிறப்பு, அவர் வளர்த்த தியோபந்துக் கல்விச்சாலையை நிலைபெறச் செய்வதே என்றும் எழுதினார்.

இதுவரை கண்டதைக் கொண்டு, சையது அகமது கானை மிதவாதிகள் பட்டியலிலும் தியோபந்தாரைப் பழமைவாதிகள் பட்டியலிலும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கல்வியை விட்டு அரசியலுக்கு வந்தவுடன் பட்டியல் தடுமாறுகின்றது.

1885இல் இந்திய தேசியக் காங்கிரஸ் தோன்றியது. நாட்டினர் யாவரும் ஒன்றுகூடி உரிமை கேட்கும் புது முயற்சி அது. புதுமையை விரும்பிய சையது அகமது கான் அதை ஆதரித்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ 1887இல் லக்னோவிலும் 1888இல் மீரத்திலும் அதை வன்மையாக எதிர்த்துப் பேசினார். தேர்தல் முறை வந்தால் எண்ணிக்கையிற் குறைந்தவர் ஒதுக்கப்படுவர் என்று அஞ்சினார். கல்வியிற் பின்தங்கிய தம் மக்கள், ஆட்சியாளரின் சினத்துக்கு மீண்டும் ஆளாகக்கூடாது என்றும் கவலைப்பட்டார். 1857ஐக் கண்ணாற் கண்டவரின் அச்சம் அது. உயர்குடியினரே ஆட்சிப் பொறுப்புக்கு உரியவர் என்னும் பழைய எண்ணமும் அவர் பேச்சிற் கலந்திருந்தது.

அதே வேளையில், உலகியற் காரியங்களில் காங்கிரசோடு சேர்ந்து உழைப்பது மார்க்கத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்த உலமாக்கள் பலர். அத்தீர்ப்புகள் 1888இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றுள் ரஷீத் அகமது கங்கோஹியின் தீர்ப்பும் ஒன்று. சமயத்தில் இம்மியும் விட்டுக்கொடாத பழமைவாதி, அரசியலில் பிற சமயத்தாரோடு கைகோக்கலாம் என்கிறார். சமயத்தில் புது விளக்கம் கண்ட மிதவாதி, அது கூடாது என்கிறார்.

பெண் கல்வியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆடவர் முதலிற் கற்கட்டும், பெண்கள் கல்வி தானே பின்தொடரும் என்பது சையது அகமது கானின் கருத்து. பெண்களின் உரிமையைப் பற்றி உருது மொழியில் துணிந்து ஒரு நூல் எழுதியவர் மௌல்வி சையது மும்தாஸ் அலி என்பார். அவர் பயின்ற இடங்களுள் தியோபந்து ஒன்று. மார்க்க நூல்களிலிருந்தே சான்று காட்டி, ஆணும் பெண்ணும் அறிவில் சமம் என்று அவர் வாதித்தார். கையெழுத்துப் படியைக் கண்ட சையது அகமது கான் மிக்க சினங்கொண்டு, அதை வெளியிடவேண்டாம் என்று தடுத்தார். சர் சையது காலமான 1898ஆம் ஆண்டிலேதான் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் மும்தாஸ் அலியும் அவர் மனைவி முகம்மதி பேகமும் லாகூரிலிருந்து பெண்களுக்கென ‘தஹ்ஸீபே நிஸ்வான்’ என்னும் இதழைத் தொடங்கினர். முகம்மதி பேகமே அதன் ஆசிரியர்.

தியோபந்தின் மற்றொரு மாணவரான மௌலானா அஷ்ரப் அலி தானவி, பெண்களுக்காக ‘பிஹிஷ்தி ஸேவர்’ என்னும் பெருநூலை எழுதினார். பெண்ணின் இடம் வீடு என்பதில் அவர் சிறிதும் மாறாதவர். எனினும் மார்க்க அறிவு ஆடவருக்குப் போலவே பெண்ணுக்கும் கடமை என்று கருதி, எழுத்தறிவு முதல் கணக்கு வரை கற்பித்தார். அலிகாரும் இத்துறையில் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. அக்கல்லூரியில் பயின்ற ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீது ஜஹான் பேகமும் 1906இல் அங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். அதுவே பின்னாளில் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது.

‘பழமைவாதி’ என்ற சொல் ஒப்பீட்டினால் மட்டுமே பொருள் பெறுவது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தர்காக்களில் வழங்கிய சில சடங்குகளையும், மார்க்கத்தில் ஆதாரமற்றவை என்று தாம் கருதிய வழக்கங்களையும் தியோபந்தார் கண்டித்தனர். இதனால் மரபைக் குலைக்கும் புதியவர்கள் என்று அவர்களையே குற்றஞ்சாட்டினார் பரேலி நகரத்து மௌலானா அகமது ரஸா கான். அவரைப் பின்பற்றியவர்கள் ஒரு தனிப் பெரும் இயக்கமாயினர். அலிகாரிலிருந்து பார்த்தால் பழமையாகத் தோன்றிய தியோபந்து, பரேலியிலிருந்து பார்த்தால் புதுமையாகத் தோன்றியது.

இரு துருவங்களையும் இணைக்க முயன்றோரும் உண்டு. 1894இல் கான்பூரில் கூடிய உலமாக்கள் ‘நத்வத்துல் உலமா’ என்னும் சபையை நிலைநிறுத்தினர். 1898இல் லக்னோவில் அதன் கல்விச்சாலை தோன்றியது. சமயக் கல்வியோடு புதுக் கல்வியும் கலந்து, இரண்டையும் அறிந்த அறிஞரை உருவாக்குவதே அதன் நோக்கம். அலிகாரில் பல ஆண்டுகள் ஆசிரியராயிருந்த வரலாற்றறிஞர் ஷிப்லி நுமானி அதற்குத் தூணாக விளங்கினார். ஆனால் ஆங்கிலமும் பாடத்திட்ட மாற்றமும் அங்கேயும் பூசலை விளைவித்தன. 1913இல் ஷிப்லி மனம் நொந்து விலகினார். நடுவில் நிற்பவர் இரு பக்கத்தாரின் ஐயத்துக்கும் ஆளாவது உலக இயல்பு போலும்.

இனி 1920ஆம் ஆண்டுக்கு வருவோம். மாதுளை மரத்தடியில் முதல் மாணவராக அமர்ந்த மஹ்மூத் ஹசன் இப்போது முதியவர். ஆங்கில ஆட்சியை அகற்ற வெளிநாட்டு உதவியை நாடும் இரகசிய முயற்சியில் ஈடுபட்டார் என்று அவர் அரபு நாட்டில் சிறைபிடிக்கப்பட்டு, மால்டா தீவில் அடைக்கப்பட்டிருந்தார். 1920இல் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பினார். நாடெங்கும் கிலாபத்துக் கிளர்ச்சியும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் கொழுந்துவிட்டெரிந்த நேரம் அது. அரசாங்க உதவி பெறும் கல்விச்சாலைகளை விட்டு வெளியேறுங்கள் என்ற அழைப்பு அலிகாருக்கும் வந்தது. அழைத்தவர்களுள் முதன்மையானவர் அலிகாரின் பழைய மாணவரான மௌலானா முகம்மது அலி. ஒரு பகுதி மாணவர் வெளியேறினர். அக்டோபர் 29ஆம் நாள் அலிகாரிலேயே ‘ஜாமியா மில்லியா இஸ்லாமியா’ என்னும் தேசியக் கல்விச்சாலை தொடங்கப்பட்டது.

அதைத் தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? தியோபந்தின் மஹ்மூத் ஹசன்! நோயால் நலிந்திருந்த அவருடைய உரையை அவர் மாணவர் மௌலானா ஷப்பீர் அகமது உஸ்மானி படித்தார். தம் உள்ளத்தை உருக்கும் வேதனையைப் பகிர்ந்துகொள்வோர், மத்ரஸாக்களிலும் தவச்சாலைகளிலும் இருப்பதைவிடப் பள்ளி கல்லூரிகளில் மிகுதியாக இருப்பதைக் கண்டதாகவும், ஆகவே தாம் அலிகாரை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்ததாகவும் அம்முதியவர் அதில் தெரிவித்திருந்தார். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30ஆம் நாள் அவர் காலமானார். அன்று வெளியேறிய மாணவருள் ஒருவர் ஜாகிர் உசேன். அவர் ஜாமியாவைப் பல்லாண்டு நடத்தி, 1948 முதல் 1956 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்து, 1967இல் இந்தியக் குடியரசின் தலைவரானார்.

ஆயினும் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1919இல் தோன்றிய ஜமியத்துல் உலமாயே ஹிந்து என்னும் உலமாக்களின் சபை காங்கிரசோடு இணைந்து நின்றது. தியோபந்தின் தலைமை ஆசிரியராகிய மௌலானா உசேன் அகமது மதனி, பல சமயத்தாரும் சேர்ந்து ஒரே நாட்டினராக வாழலாம் என்று 1938இல் மார்க்க ஆதாரங்களோடு நூல் எழுதினார். நாட்டுப் பிரிவினையை இறுதிவரை எதிர்த்தார். அலிகார் மாணவருட் பெரும்பாலோர் 1940க்குப் பின் முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்காக ஊர் ஊராகச் சென்று உழைத்தனர். இங்கும் நாம் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. தியோபந்து வழிவந்த ஷப்பீர் அகமது உஸ்மானி பாகிஸ்தானை ஆதரித்து, 1947இல் கராச்சியில் அதன் கொடியை ஏற்றினார். அலிகாரில் பயின்ற ரபி அகமது கித்வாயும் கான் அப்துல் கபார் கானும் பிரிவினையை எதிர்த்துக் காங்கிரசில் நின்றனர். ஒரே பள்ளியில் ஒரே நூலைக் கற்றவர்களும் நாட்டைப் பற்றிய கேள்விக்கு வேறு வேறு விடை கண்டனர்.

இவ்வரலாற்றில் ஓர் இழப்பும் உண்டு. அதை மறைத்தல் தகாது. அலிகாரும் தியோபந்தும் ஒரே சமுதாயத்தின் இரண்டு தேவைகளை நிறைவேற்றின. ஆனால் இரண்டு கல்வியும் ஒரே மனிதரிடம் சேர்வது அரிதாயிற்று. அறிவியலும் சட்டமும் கற்றவர் சமய மூல நூல்களை நேரே படிக்க இயலாதவராயினர். மூல நூல்களைக் கரைத்துக் குடித்தவர் தம் காலத்து அறிவியலையும் பொருளியலையும் அறியாதவராயினர். மார்க்கத்தைக் காலத்தோடு பொருத்தி விளக்கும் பணிக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றே உடையவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. நானௌத்தவி கருதியபடி தியோபந்தில் முடித்துப் பின் புதுக் கல்வி பெற்றவர் சிலரே. சையது அகமது விரும்பியபடி அலிகாரில் ஆழ்ந்த சமயப் புலமை எய்தியவரும் சிலரே. 1857க்குப் பின் வந்த தலைமுறைகள் செலுத்திய விலை இது.

நம் தமிழகத்திலும் இவ்விரு நீரோட்டங்களையும் காணலாம். வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹஸரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி, பழைய சமயக் கல்வியைத் தென்னாட்டுக்கு வழங்கிவருகின்றது. சர் சையது அகமது கான் 1886இல் தொடங்கிய கல்வி மாநாடு 1901இல் சென்னையிற் கூடியது. மறு ஆண்டே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இலும் எழுந்தன.

இன்று அலிகார், மத்திய அரசின் பல்கலைக்கழகமாகப் பல சமய மாணவருக்கும் கல்வி அளிக்கின்றது. தியோபந்து, தன் பழைய விதிப்படியே மக்களின் நன்கொடையில் நடக்கின்றது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லைக்கப்பால் ஆயுதம் ஏந்திய கூட்டங்கள் தோன்றின. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தியோபந்தில் கூடிய உலமாக்களோ, அப்பாவி மக்களைக் கொல்லும் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு முரணானது என்று வெளிப்படையாக அறிவித்தனர். ஒரு பெயரின்கீழ் எத்தனை வகை மனிதர் அடங்குவர் என்பதற்கு இதுவும் சான்று.

மாணவர்களே, எந்தச் சமயத்தின் வரலாற்றைப் படித்தாலும் மிதவாதி, பழமைவாதி என்னும் சொற்களை நீங்கள் சந்திப்பீர்கள். அச்சொற்களை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒருவரைப் பழமைவாதி என்று யாரேனும் கூறினால், எந்தக் கேள்வியில் என்று உடனே கேளுங்கள். வேதத்துக்குப் பொருள் காண்பதிலா, ஆங்கிலம் கற்பதிலா, பெண் கல்வியிலா, அந்நிய ஆட்சியை எதிர்ப்பதிலா, அயலாரோடு கூடி வாழ்வதிலா என்று தனித்தனியே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் விடையை அவரவர் எழுத்திலும் செயலிலும் தேடுங்கள். தம்மை மறுத்தவரின் மறைவுக்கு இரங்கி எழுதிய சையது அகமது கானும், மறுத்தபோதும் வாதத்தை விட்டு வசைக்கு இறங்காத நானௌத்தவியும் ஒருவரைப் பற்றி மற்றவர் அவ்வாறுதான் அறிந்திருந்தனர்.